மூடி அளவு

ஹிலாரிக்குக் கப்பலில் சமையல் வேலை.
என் கொழுந்தன். லீவுக்கு வரும்போதெல்லாம்
ஒரு பழ மது பாட்டில் கொண்டுவருவான்.
பீச், லிச்சி, ஆரஞ்சு, பச்சை முலாம்பழம்,
சொட்டு நீலம் போல ஒன்று,
கழுத்து தடித்த குட்டை பாட்டிலில் செர்ரி.
திறந்த அன்று ஆளுக்கு ஒரு மடக்கு,
"இருமல் மருந்துப்பா" என்று ஒரு முகச்சுளிப்பு,
அதோடு சரி.
அரிசி டிரம்முக்குப் பின்னால்
ஆறு வருஷமாய் நின்றன
எறும்புக்கு மட்டும் விலாசம் தெரிந்து.

கற்பகவல்லிக்கு வேலை நிரந்தரமானது,
பதினோரு வருஷம் கழித்து.
எண்ணூர் யார்டு கேட்டில்
டிரெய்லர் நம்பரைக் கத்திக் கத்தியே
தொண்டை கரகரத்துப் போனவள்.
சனிக்கிழமை எங்க மாடியில, என்றேன்.
சம்பளத்துக்கு நாலு நாள் இருந்தது.
டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

ஐஸுக்குக் காசிமேடு.
"மீன் படாததா பார்த்துக் குடுண்ணா."
"கல்யாணமா?"
"அதுக்கும் மேல. ஆர்டர் வந்துச்சு."
கோணியில் சுற்றிய பாதிப் பாளம்
ஸ்கூட்டியில் என் காலடியில் உருக,
தண்டையார்பேட்டை வரைக்கும்
தார் ரோட்டில் ஒரு ஈரக் கோடு.

அளக்க ஒன்றுமில்லை.
பையனின் இருமல் மருந்து மூடியைக் கழுவி எடுத்தேன்.
இரண்டு மூடி பீச், அரை எலுமிச்சை,
மேலே பன்னீர் சோடா:
முதல் வாய்க்கே தேவசேனா கண்ணை மூடினாள்.
லிச்சிக்கு இளநீர், உப்பு ஒரு சிட்டிகை.
ஆரஞ்சில் இஞ்சி தட்டிப் போட்டேன்.
முலாம்பழத்துக்கு முலாம்பழமே, மிக்ஸியில் அடித்து.
தித்திப்பை அடக்கப் புளிப்பு,
புளிப்பை அடக்க ஐஸ்,
எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.
நீலத்தில் கோலி சோடா விட்டதும்
எல்லாரும் போனை எடுத்தார்கள்.
யாரும் குடிக்கவில்லை.
கடைசிவரை அழகாக நின்றது.
ரஹீமாவுக்கு நன்னாரி,
அதே டம்ளர், அதே எலுமிச்சை வில்லை.
"எனக்கும் ஏறுதுடி" என்று
அவள்தான் முதலில் ஆடினாள்.

மணலிப் பக்கம் ஆலைச் சுடர் எரிந்தது.
ஜெசிந்தா அண்ணி படியேறி வந்தாள்,
என் நாத்தனார்,
பங்கு மதுவிலக்குச் சபையின் பொருளாளர்.
சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தவள்
சொல்லாமல் சுவரோரம் நின்றாள்.

மிச்சம் செர்ரி.
மற்ற மூடியெல்லாம் சர்க்கரை இறுகி
இடுக்கி போட்டுத் திறந்தவை.
இது தொட்டதும் சுழன்றது.
நாக்கில் வைத்தேன்.
ரோஸ் எசென்ஸ். தண்ணீர்.
எங்கோ அடியில், தூரத்து உறவாய், ஒரு செர்ரி.

யார்?
இவருக்குத் தித்திப்பு ஆகாது.
பையனுக்கு வயது ஒன்பது.
அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியாது,
கண்டெய்னர் அடுக்குதான் தெரியும்.
அதையே அவ்வளவு கவனமாய்ப் பார்த்தாள்.

எப்போதிருந்து?
அவள் வீட்டுக்காரர் போன மழைக்காலத்திலிருந்தா?
எல்லாரும் தூங்கினதும் ஒரு மூடி.
பிறகு குழாயடியில் நின்று
குறைந்த அளவுக்கு எசென்ஸ் கலந்து
பாட்டிலைத் தூக்கிப் பிடித்து
பழைய கோட்டுக்குச் சரிபார்த்திருப்பாள்.
பொருளாளர், கணக்கு உதைக்காது.

"செர்ரி எப்படிடி?" தேவசேனா கேட்டாள்.
"கெட்டுப்போச்சு."
தண்ணித் தொட்டி ஓரம் கவிழ்த்தேன்.
சிமெண்டில் ரோஜா வாசம் ஓடியது.
பீச் கொஞ்சம் இருந்தது.
ஒரு மூடி, பன்னீர் சோடா, ஐஸ்.
"சோடாதான் அண்ணி. தொண்டைக்கு நல்லது."

வாங்கிக்கொண்டாள்.
ஒரு வாய். இன்னொரு வாய்.
கற்பகவல்லி கீழே தெருவைப் பார்த்து
ஏதோ டிரெய்லர் நம்பரைக் கத்தினாள்,
நாய்கள் பதில் சொல்லின.
காலி டம்ளரை என்னிடம் நீட்டி
என் முகத்தைப் பார்க்காமல்
அண்ணி சொன்னாள்:
"சோடா ஜாஸ்தி."